ஓர் எழுத்துப் பிழையும் ஒரு முள்ளெலியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள். கணினி பற்றியது என்று பயந்து தள்ளிவிட வேண்டாம், எனக்கே புரிந்திருக்கிறது.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது மென்பொருள் வேலையில் இருக்கிறான். எடுத்த எடுப்பில், "டீச்சர், ஒரு நல்ல தமிழ்ப் பேரா வேணும்" என்றான். "பையனாப்பா, பொண்ணாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "பிளகின் டீச்சர்!"

வீடு கட்டும்போது கதவு, ஜன்னலை எல்லாம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இழைப்பதில்லை, தயாராக இருப்பதை வாங்கிப் பொருத்துகிறோம் இல்லையா? இணையதளம் கட்டுகிறவர்களுக்கும் அப்படித் தயாராகச் சட்டங்களும் நிலைகளும் இருக்கின்றன. ஃபிரேம்வொர்க் என்கிறார்கள். அதில் மின்சார மீட்டர் போலத் தனியாகக் கொண்டுவந்து மாட்டுகிற சிறு பெட்டிதான் பிளகின். இவன் செய்திருப்பது உண்மையிலேயே ஒரு மீட்டர்தான். தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கணக்கு எழுதுமாம்.

இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. மற்றவர்கள் இதற்கெல்லாம் என்ன பெயர் வைத்தார்கள் என்று தேடப் போனதில் வந்த வினை. படிக்கப் படிக்க, எனக்குப் பெயரைவிடப் பெயர் வைத்த கதைகள் பிடித்துப் போயின.

முதலில் 'லாக்' என்ற சொல். இணையம் பிறந்த நாள்களில் வருகைக் கணக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் கணினி, யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதி வைக்கும்: எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த ஃபைல். அந்த வரிகளின் குவியல்தான் லாக் ஃபைல். லாக் என்றால் மரக்கட்டை. அந்தக் காலப் பாய்மரக் கப்பல்களில், முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். மணற்கடிகாரம் ஒரு தடவை வடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறது என்று எண்ணி, அதுதான் கப்பலின் வேகம் என்று ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். கட்டையின் கணக்கு எழுதிய புத்தகம் லாக்புக் ஆனது. கட்டையும் போய், கப்பலும் போய், கடலே இல்லாத அறைக்குள் இருக்கும் கணினி இன்றைக்கும் லாக் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்த வரிகளை எண்ணத் தொடங்கியபோது வந்தது முதல் குழப்பம். ஒரு வரிக்கு 'ஹிட்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் பத்துப் படம் இருந்தால், ஒருவர் ஒரு தடவை திறந்தாலே பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து, ஆக 11 ஹிட். கல்யாணப் பந்தியில் இலையை எண்ணாமல், பரிமாறிய கரண்டியை எண்ணுவது போல. 1990களில் பல தளங்கள் லட்சக்கணக்கில் ஹிட் என்று பெருமையடித்துக்கொண்டதெல்லாம் கரண்டிக் கணக்குதான்.

1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீஃபன் டர்னர், லாக் ஃபைலைப் படித்துக் கணக்குச் சொல்லும் ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் 'அனலாக்'. இலவசமாகக் கொடுத்தார், உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனதற்குக் காரணம், மென்பொருளோடு அவர் எழுதி வைத்த விளக்கக் குறிப்பு. இந்தக் கணக்கை வைத்து உங்களால் எதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். ஒரே முகவரிக்குப் பின்னால் பல பேர் இருக்கலாம். ஒரே ஆள் பல முகவரிகளிலிருந்து வரலாம். ஒருவர் தன் கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்த பக்கத்தைத் திரும்பப் பார்த்தால் சர்வருக்கே தெரியாது. அதனால் எத்தனை 'மனிதர்கள்' வந்தார்கள் என்று சொல்ல முடியாது என்றார். தான் செய்த பொருளின் போதாமையைத் தானே எழுதி அதனுடன் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

இனி எழுத்துப் பிழைக்கு வருகிறேன். நீங்கள் ஒரு தளத்திலிருந்து லிங்க்கைத் தட்டி இன்னொரு தளத்துக்குப் போனால், உங்கள் உலாவி "இவர் இன்ன இடத்திலிருந்து வருகிறார்" என்று ஒரு சீட்டையும் கூடவே நீட்டும். விருந்தாளி வாசலில் நின்று "இன்னார் அனுப்பினார்" என்று சொல்வது போல. இணையம் ஆரம்பித்த காலத்தில் ஃபிலிப் ஹாலம்-பேக்கர் என்ற கணினி அறிஞர் முன்மொழிந்த வசதி இது. சீட்டின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவில் இரண்டு ஆர் வர வேண்டும். முன்மொழிவில் ஒன்றுதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினியில் இருந்த பிழை திருத்தும் நிரலுக்குச் சரியான வடிவமும் தெரியாது, தப்பான வடிவமும் தெரியாது என்று அந்தக் குழுவில் இருந்த ராய் ஃபீல்டிங் பின்னால் சொல்லியிருக்கிறார். 1996 மே மாதம் விதிமுறை ஆவணம் முறைப்படி வெளிவந்தபோது, ஏற்கெனவே எல்லாரும் ஓர் ஆரோடு எழுதிப் பழகிவிட்டார்கள். திருத்தினால் பழைய கணினிகள் எல்லாம் தடுமாறும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஏறக்குறைய முப்பது வருடம் ஆகிறது. இன்று காலை நீங்கள் தட்டிய லிங்க்கிலும் அந்தப் பிழை போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீட்டில் எவ்வளவு தகவல் சொல்லலாம் என்று கட்டுப்படுத்தும் விதி ஒன்று பிற்பாடு வந்தது. அதைச் சரியான எழுத்தில் எழுதினார்கள். ஆக ஒரே சொல் ஓரிடத்தில் தப்பாகவும் இன்னோரிடத்தில் சரியாகவும் நிற்கிறது. புதிதாக நிரல் எழுத வரும் பிள்ளைகள் எங்கே ஓர் ஆர், எங்கே இரண்டு ஆர் என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறதாம். சிவப்பு மையோடு எத்தனை ஆயிரம் நோட்டுகளைத் திருத்தியிருப்பேன்! இந்த ஒன்றுக்கு மட்டும் யாராலும் சிவப்பு மை போட முடியவில்லை.

அடுத்தது 'குக்கீ'. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இளைஞர் உண்டாக்கியது. ஒரு நிரல் இன்னொன்றிடம் அடையாளத்துக்குக் கொடுக்கும் சின்னத் துண்டுக்குக் கணினிக்காரர்கள் 'மேஜிக் குக்கீ' என்று சொல்வது ஏற்கெனவே வழக்கம், அதிலிருந்து எடுத்துக்கொண்டார். சாமான் கூடையை நினைவில் வைக்க என்று யோசித்தது. ஆனால் முதன்முதலில் பயன்பட்டது, நெட்ஸ்கேப்பின் தளத்துக்கு வந்தவர் முன்பே வந்தவரா என்று பார்க்கத்தான். பிஸ்கட் என்று பெயர் வைத்தால் யார் பயப்படுவார்கள்? 'அடையாள முத்திரை' என்று வைத்திருந்தால் அன்றைக்கே நாலு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். குக்கீ வந்த பிறகு, டர்னர் முடியாது என்று சொன்ன வருகையாளர் எண்ணிக்கையைத் துணிந்து சொல்ல ஆரம்பித்தார்கள். உண்மையில் எண்ணுவது ஆளை அல்ல, பிஸ்கட்டைத்தான். வீட்டில் ஒரே கணினியில் நாலு பேர் பார்த்தால் கணக்கில் ஒருவர். நான் போனிலும் மகள் வீட்டு லேப்டாப்பிலும் பார்த்தால் இரண்டு பேர்.

இப்போது முள்ளெலி. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் நாலு நண்பர்கள் 1990களில் ஒரு சிறு நிறுவனம் நடத்தினார்கள். மற்றவர்களின் தளங்களைத் தங்கள் கணினியில் வைத்துக் காப்பதுதான் தொழில். அந்த வாடிக்கையாளர்களுக்கு லாக் கணக்குப் பார்த்துக் கொடுக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் 'அர்ச்சின்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் முள்ளெலி. பிறகு கடலில் உடம்பெல்லாம் முள்ளாக உருண்டு கிடக்கும் உயிரிக்கும், தெருவில் சுற்றும் குறும்புப் பையனுக்கும் அதே சொல். தொழிலைவிட அந்த மென்பொருள் பெரிதாகிவிட, நிறுவனத்துக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

2005இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் 'கூகுள் அனலிடிக்ஸ்' என்று பெயர் மாற்றி இலவசமாக விட்டது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதுப் பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்டில்தான் எல்லாருக்கும் திறந்தார்கள். தளம் நடத்துகிறவர் செய்ய வேண்டியது, தன் பக்கங்களில் கூகுள் கொடுக்கும் சில வரிகளை ஒட்டுவது மட்டுமே. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியும் அந்த வரிகளைப் படித்துக் கூகுளுக்குச் செய்தி சொல்லிவிடும். கணக்கு நோட்டு தளக்காரர் வீட்டில் இல்லை, கூகுள் வீட்டில்.

இதில் பெயர் என்ன ஆயிற்று? ஒட்டச் சொன்ன ஃபைலின் பெயர் முதலில் அர்ச்சின் என்றே இருந்தது. 2007 முதல் வேறு பெயர், பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. 2012இல் அர்ச்சின் மென்பொருளை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் உங்கள் வாட்ஸாப்பில் யாராவது அனுப்பும் செய்தித்தாள் லிங்க்கையோ, கடையின் தள்ளுபடி லிங்க்கையோ பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஒரு வால் தொங்கும். அதில் பல நேரம் 'யு டி எம்' என்ற மூன்று எழுத்து இருக்கும். எங்கிருந்து வந்தீர்கள், எந்த விளம்பரத்தால் வந்தீர்கள் என்று சொல்லும் வால் அது. அந்த யு, அர்ச்சினின் யு. கடை மூடி, பலகை கழற்றி இத்தனை வருடம் ஆகியும் நம் குடும்பக் குழுவில் தினமும் அந்த முள்ளெலியை ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம்.

இப்படி உள்ளே தங்கிப்போன பெயர் இன்னொன்றும் உண்டு. கூகுளுக்குக் கொடுக்காமல் கணக்கைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக 2007இல் தொடங்கியது 'பிவிக்'. 2018 ஜனவரியில் அதன் பெயரை 'மடோமோ' என்று மாற்றினார்கள். ஜப்பானிய மொழியில் ஒழுங்கான, நேர்மையான என்று பொருள்படும் சொல். பலகை மாறியது, ஆனால் நிரலைத் திறந்து பார்த்தால் உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பிவிக்தான்.

என் மாணவன் தன் மீட்டரை மாட்டுவது 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற ஃபிரேம்வொர்க்கில். டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்டது. ரூபி என்பது ஜப்பானில் பிறந்த கணினி மொழி. ரூபி என்றால் மாணிக்கம், ஆகையால் அதில் மாட்டும் துண்டுகளுக்கு 'ஜெம்', ரத்தினம் என்று பெயர். கூகுளின் வரிகளை எல்லாப் பக்கத்திலும் தானாக ஒட்டிவிடும் பிளகின்கள் முதலில் வந்தன. பிறகு தானே கணக்கு எழுதுபவை வந்தன. அவற்றில் பேர் பெற்ற ஒரு ரத்தினத்தின் பெயர் 'அஹோய்'. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைக் கூவி அழைக்கும் சொல். தொலைபேசியை எடுத்தவுடன் சொல்ல வேண்டிய சொல்லும் அதுதான் என்று கிரஹாம் பெல் வாதாடினார். எடிசனின் ஹலோ ஜெயித்துவிட்டது. மரக்கட்டையில் தொடங்கியவர்கள் மறுபடி கடலுக்கே வந்துவிட்டார்கள். கனடாவிலிருந்து வந்த இன்னொன்றுக்குக் கடல் ஆழம் அளக்கும் அலகான 'ஃபேதம்' என்று பெயர். ஒன்றுக்கு 'கோட் கவுன்ட்டர்', ஆடு எண்ணி என்றும் பெயர் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அஹோயின் வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது, அதில் முக்கியமான பெயர்ச்சொல் இரண்டே இரண்டு என்பது: வருகை, நிகழ்வு. எது வருகை? வந்தவர் 4 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வந்தால்தான் புது வருகை என்பது அதன் வழக்கம். வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். கூகுளில் 30 நிமிடம். நான் காலை ஒன்பது மணிக்கு ஒரு கட்டுரையைப் பாதி படித்து, சமையலை முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு மீதி படித்தால் அஹோய் கணக்கில் ஒரு வருகை, கூகுள் கணக்கில் இரண்டு. நான் ஒருத்திதான், படித்ததும் ஒரு கட்டுரைதான். நம் வருகைப் பதிவேட்டில் முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று போடுவோமே, அதையும் யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து முடிவு செய்ததுதானே.

இதையெல்லாம் படித்து, ஒரு பெயரைப் பிடித்தேன். 'சுவடு'. நடந்தவர் விட்டுப்போன கால்தடம். ஓர் எழுத்தை மாற்றினால் 'சுவடி', எழுதி வைத்த ஏடு. மரக்கட்டையும் லாக்புக்கும் போல. மூன்றே எழுத்து. போன் செய்து சொன்னேன். அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"சூப்பர் டீச்சர்! இந்தப் பேரை எந்த பிளாக்கரும் பிடிக்காது!"

"அது யாருப்பா?" என்றேன்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தங்களைக் கணக்கெடுப்பதை விரும்பாதவர்கள் உலாவியில் ஒரு தடுப்பானை மாட்டிக்கொள்வார்களாம். 'ஈஸிபிரைவசி' என்று தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஒரு பட்டியல். எந்த முகவரி, எந்த ஃபைல் பெயர் கணக்கெடுப்பவை என்று வரிசையாக எழுதியிருக்கும். தடுப்பான் அதைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடும். தெரிந்த ஆங்கிலப் பெயர் வைத்தால் பட்டியலில் மாட்டும். தமிழ்ச் சொல் என்றால் கொஞ்ச காலத்துக்கு யாருக்கும் புரியாது. அதற்குத்தான் தமிழ்.

எனக்கு என்னமோ போலாகிவிட்டது. தமிழ் மேல் ஆசையில் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன். "வேணாம்னு கதவைச் சாத்தினவங்க வீட்டுக்கு வேற பேர் சொல்லிட்டு நுழையறதாப்பா?" என்றேன். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. "டீச்சர், வந்தவங்க கணக்குல வரலைன்னா, கிளையண்ட் என் பிளகின்தான் சரியில்லைன்னு சொல்லுவாங்க. மேல இருக்கிறவங்களுக்கு நம்பர்தான் வேணும்."

நம்பர் எனக்கும் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால், வராத பிள்ளைக்கும் பதிவேட்டில் வருகை போடச் சொல்வார்கள். போட்டிருக்கிறேன். இல்லாத பிள்ளையின் பெயருக்கு நேரே பேனாவை வைத்தபோது கை கூசியது. ஆனாலும் போட்டேன். அவனிடம் இதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கூடவே இன்னொன்றும் கேட்டேன். "நம்ம கரும்பலகை மூலையில மொத்தம் இவ்வளவு, வருகை இவ்வளவுன்னு எழுதுவோமே, ஞாபகம் இருக்கா?" அவன்தான் அந்த வருடம் வகுப்புத் தலைவன், தினமும் எழுதியவன். எண்ணியது எண்ணப்பட்ட எல்லாருக்கும் தெரிந்தது. பெயர் தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. தடுப்பானை ஏமாற்ற என்றால் என்னிடம் வாங்கியதாகச் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் போன் இல்லை. போன ஞாயிறு கூப்பிட்டான். எஸ்டோனியாவிலிருந்து வரும் 'பிளாசிபிள்' என்ற மென்பொருள் செய்கிற மாதிரி, குக்கீ இல்லாமல், நாளுக்கு நாள் மாறுகிற ஒரு ரகசிய எண்ணைக் கலந்து வருகையாளரை எண்ணும்படி மாற்றியிருக்கிறானாம். நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவரே என்று அதற்குத் தெரியாது. அலை வந்து கால்தடத்தை அழித்துவிடுகிற மாதிரி என்று அவனே சொன்னான். பக்கத்தின் அடியில் 'இங்கே சுவடு எண்ணுகிறது' என்று ஒரு வரி வரும். தடுப்பான் பட்டியல்காரர்கள் சேர்த்துக்கொண்டால் சேர்த்துக்கொள்ளட்டும் என்கிறான். முதல் கிளையண்ட் இதை ஒத்துக்கொள்வாரா என்று அவனுக்கு இன்னும் பயம்தான். எனக்கும்தான்.

பேசிக்கொண்டே இருக்கும்போது, "சுவடுக்கு ஆங்கிலத்துல வி போடணுமா, டபிள்யூ போடணுமா டீச்சர்?" என்றான்.

"நீ என்ன போட்டிருக்க?"

"கொஞ்ச இடத்துல வி, கொஞ்ச இடத்துல டபிள்யூ."

"வெளியில விட்டுட்டியா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"வி போடு. இன்னைக்கே உக்காந்து எல்லா இடத்துலயும் தேடித் திருத்திட்டு எனக்குப் போன் பண்ணு" என்றேன். ராத்திரி பத்தரை மணிக்குப் பண்ணினான். பதினேழு இடத்தில் டபிள்யூ இருந்ததாம்.